வளரும் வயதில் மார்பில் கட்டி: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் மதுரையில் மார்பக அறுவை சிகிச்சை பார்க்கும் மருத்துவர்.)

திருமங்கலம், ஒரு தாய்: டாக்டரம்மா, மகளுக்கு 16 வயசு. வலது மார்புல கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி. தொட்டா நழுவுது, வலி இல்லை. ஸ்கேன்ல ஃபைப்ரோஅடினோமா, 2.1 செ.மீ., பைராட்ஸ் 3னு போட்டிருக்கு. கேன்சர் ஆயிடுமா?

ஆகாது. இந்த வயதில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம். பால் சுரப்பித் திசுவும் அதைச் சுற்றிய நார்த்திசுவும் ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலில் ஓரிடத்தில் கூடுதலாக வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பைராட்ஸ் 3 என்றால் சாதுவான கட்டியாகவே தெரிகிறது, கொஞ்ச நாள் கவனியுங்கள் என்று பொருள்.

6 மாதம் கழித்து, முடிந்தால் அதே இடத்தில், ஸ்கேன் எடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்று அளவும், கடிகார முள் கணக்கில் கட்டி இருக்கும் இடமும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘கட்டி உள்ளது’ என்ற ரிப்போர்ட்டை அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட முடியாது. மாறாமல் இருந்தால் 12, 24 மாதங்களில் மறுபடி பார்த்தால் போதும். சில கட்டிகள் தானாகவே சுருங்கிவிடும். 6 மாதத்தில் விட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினாலோ, 5 செ.மீ.யைத் தாண்டினாலோ உடனே வாருங்கள். தினமும் அமுக்கிப் பார்க்க வேண்டாம். அமுக்கி அமுக்கியே வலி வரும்.

உசிலம்பட்டி: பாப்பாவுக்கு 10 வயசு. இடது காம்புக்கு அடியில மட்டும் கெட்டியா இருக்கு, சட்டை உரசினாலே அழுறா. வெட்டி எடுத்துரலாம்னு ஒருத்தர் சொல்றார்.

எடுக்கக் கூடாது. அது மார்பு வளரத் தொடங்கும் மொட்டு. 8 முதல் 13 வயதுக்குள் வரும். ஒரு பக்கம் முதலில் வந்து மறுபக்கம் சில மாதம் தள்ளி வருவது சாதாரணம். அதை வெட்டினால் அந்தப் பக்கம் மார்பு வளரவே வளராது. பின்னால் சரிசெய்ய பிளாஸ்டிக் சர்ஜரிதான். தடித்த ஊசி போட்டுச் சதை எடுப்பதும் மொட்டைக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் மட்டும் எடுங்கள். 8 வயதுக்கு முன்பே வந்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாடிப்பட்டி: 15 வயசு பொண்ணுக்கு மேமோகிராம் எழுதியிருக்காங்க.

இந்த வயதில் திசு அடர்த்தி அதிகம், படத்தில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது, வீணாகக் கதிர்வீச்சு. அல்ட்ராசவுண்ட் போதும்.

மேலூர், ஒரு பெரியப்பா: கட்டிய வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஸ்கேன் எடுத்துக்கிட்டே இருக்கிறது? கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துட்டா நிம்மதி. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?

சோழவந்தான்: தழும்பு இருந்தா மட்டும் தெரியாதா அண்ணே?

மேலூர்: தழும்பு மறைஞ்சிரும். பிள்ளைக்குப் பால் குடுக்கையில கட்டி இருந்தா?

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். சாதாரண ஃபைப்ரோஅடினோமா தாய்ப்பால் கொடுப்பதைத் தடுக்காது. கர்ப்பத்தில் கொஞ்சம் பெருக்கலாம், அவ்வளவே. தடுக்க வாய்ப்புள்ளது அறுவைதான்: காம்பைச் சுற்றிக் கீறும்போது பால் நாளங்கள் அறுபடலாம், உணர்ச்சி குறையலாம். ஒன்றை எடுத்த பிறகு வேறிடத்தில் இன்னொன்று வருவதும் உண்டு. அப்போது மறுபடி வெட்டுவீர்களா?

எடுக்க வேண்டிய கட்டியும் இருக்கிறது. சில மாதங்களில் மளமளவென்று வளர்ந்து 5 செ.மீ.யைத் தாண்டுவது, தோலை இழுத்துப் பளபளவென்று நரம்பு தெரிய வைப்பது, மார்பின் வடிவத்தைக் கெடுப்பது. வேகமாக வளர்ந்தால் மெல்லிய ஊசிப் பரிசோதனை மட்டும் போதாது. ஃபில்லோடஸ் என்ற வேறு கட்டியை அது பிரித்துக் காட்டாது, தடித்த ஊசியில் சதை எடுக்க வேண்டும். (மொட்டுப் பருவப் பிள்ளைக்கு இது பொருந்தாது, மறுபடி சொல்கிறேன்.) ஃபைப்ரோஅடினோமா என்றால் எடுக்கும்போது கட்டியை மட்டும் எடுத்து, சுற்றியுள்ள திசுவை விட்டுவிட வேண்டும். பெரிய கட்டிக்கு மார்பின் அடி மடிப்பில் கீறினால் தழும்பு மறையும். எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்பினார்களா என்று கேட்டு ரிப்போர்ட்டை வாங்கி வையுங்கள்.

கட்டி இருப்பதே பிள்ளைக்கு நிம்மதியைக் கெடுக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று அவளே கேட்டால் அது நியாயமான காரணம். மாப்பிள்ளை வீடு காரணம் அல்ல. பெரியப்பா, அவளிடம் கேட்டீர்களா?

மேலூர்: ஊசி குத்தினா பரவிடும்ங்கிறாங்களே?

பரவாது.

அலங்காநல்லூர்: 17 வயசு, 3 செ.மீ., நழுவுது. கேன்சரா?

ஸ்கேனிலும் ஃபைப்ரோஅடினோமா என்றே வந்தால் திருமங்கலத்துக்குச் சொன்ன பதிலேதான்.

பேரையூர்: மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போட்டா கரையுமா?

கரையாது. சுண்ணாம்பு தோலைப் பொத்துப்போக வைக்கும். அப்புறம் புண்ணா சீழா என்று தெரியாமல் முழிக்க வேண்டும். சிவந்து, சூடாக, காய்ச்சலோடு வலித்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள். பெரும்பாலும் ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஆறிவிடும். ஆறாமல் துளை விட்டுச் சீழ் வடிந்துகொண்டே இருந்தால் அந்தச் சீழைக் காசநோய்க்கும் சோதிக்கச் சொல்லுங்கள்.

திருப்பரங்குன்றம்: மாதவிலக்குக்கு முன்னால ரெண்டு பக்கமும் கட்டி கட்டியா வலிக்குது.

ஹார்மோன் வீக்கம். விலக்கு தொடங்கி ஒரு வாரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் ஒரே இடத்தில் தனியாக ஒன்று நின்றால் ஸ்கேன்.

மதுரை, அண்ணாநகர்: மகனுக்கு 14. காம்புக்கு அடியில கட்டி, பசங்க கேலி பண்றாங்க.

பருவ வயதுப் பையன்களுக்குச் சாதாரணம். பெரும்பாலும் 2 வருடத்துக்குள் மறையும். ஜிம்மில் யாராவது ஊசி, மாத்திரை கொடுத்தார்களா என்று கேளுங்கள். மருத்துவர் விரைகளையும் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும்.

நத்தம்: 11 வயசு, ஒரு பக்கம் மட்டும் கட்டி. ஆபரேஷன்…

உசிலம்பட்டிக்கு எழுதியதைப் படியுங்கள். மொட்டில் கத்தி வேண்டாம்.

மேலூர்: சரிங்கம்மா, கேட்டேன். இப்ப வேணாம்கிறா. எங்க காட்டுறது?

பெரியாஸ்பத்திரி அறுவை சிகிச்சை வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டும், கடைசியாக விலக்கான தேதியும் கையில் இருக்கட்டும். அம்மாவோ அக்காவோ கூட வரட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள். தோல் குழிந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, கட்டி நழுவாமல் ஒட்டிக்கொண்டாலோ 6 மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.