தாழிட்ட கதவும் குமுட்டி அடுப்பும்

கேள்வி: எனக்கு வயது 46. உதகைக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் இருக்கிறோம். முட்டி வலியும் எடையும் கூடிக்கொண்டே போவதால், வீட்டிலேயே யோகா பழகலாம் என்று கார்த்திகை மாதம் தொடங்கினேன். கைப்பேசியில் வரும் காணொளிகளைப் பார்த்துச் செய்கிறேன். கணவர் கேரட் லோடு ஏற்ற விடியுமுன்னே போய்விடுவார். பதினேழு வயது மகன் ஏழு மணிக்குத்தான் எழுவான். ஐந்து மணிக்கு எழுந்து, குளிர் தாங்காததால் மாமியார் அறையில் இருக்கும் கரி போட்ட குமுட்டி அடுப்பை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்டுச் செய்கிறேன். மாமியாருக்கு 74 வயது. நடுவில் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். இருபது நிமிடத்துக்குள் தலை கனத்து வலிக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. வெளியே போய் வாசல் தெளித்தால் சரியாகிவிடுகிறது. மூச்சுப் பயிற்சி என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? எந்த ஆசனத்தில் தொடங்கினால் விடாமல் செய்ய முடியும்?

பதில்: இதை மேற்கொண்டு படிக்கும் முன், அந்தக் குமுட்டி அடுப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். எந்த ஆசனம் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சகோதரி, மூச்சுப் பயிற்சி உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. சாத்திய அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விறகுப் புகையாக இருந்தால் கண் எரிந்து, தொண்டை கமறி, நம்மை எழுப்பி வெளியே துரத்திவிடும். கரித்தணலில் புகை தெரியாததால்தான் அது பாதுகாப்பானது என்று மலையில் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கொண்டிருக்கிறோம். மேலே சாம்பல் பூத்து, அணைந்ததுபோலத் தோன்றும் தணலும் அந்த வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கும். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்வதால், நாம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கிவிடுகிறது. உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கீழே சமவெளியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இங்கே ஏற்கெனவே குறைவு. அந்தக் காற்றையும் கெடுத்து வைத்துக்கொண்டு, மார்பு நிறைய இழுத்துப் பிராணாயாமம் செய்திருக்கிறீர்கள்.

வாசல் தெளிக்கப் போனால் சரியாகிவிடுகிறது என்று எழுதினீர்களே, நோயைச் சொன்னதும் அந்த வரிதான், காரணத்தைச் சொன்னதும் அந்த வரிதான். அறைக்குள் வருகிற தலைவலி வெளிக்காற்றில் தீர்கிறதென்றால் குற்றம் அறையின் காற்றில் இருக்கிறது. குளிர்காலத்தில் மலைக்கு வந்து, அறைக்குள் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழாமலே போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அவர்கள் தூங்கினார்கள், நீங்கள் விழித்திருந்தீர்கள், வித்தியாசம் அவ்வளவே. இந்த வாரமே மருத்துவரிடம் போய்க் கரியைப் பற்றியும் சொல்லுங்கள், இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் மயக்கமோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன இன்னொரு வரிக்கு வருகிறேன்: “மாமியார் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.” ஏன் தட்டுகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவரிடம் கேட்டதாகவும் இல்லை. ஆனால் காரணத்தை நீங்களே மூன்று வரிகளுக்கு முன்னால் எழுதியிருக்கிறீர்கள். உறைபனி கொட்டும் தலைக்குந்தாவில், புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும் காலை ஐந்து மணிக்கு, 74 வயதுப் பெண்ணின் அறையில் இருந்த ஒரே சூட்டை நீங்கள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சில்லிட்ட தரையில் நடந்து வந்து, ஒரு முறை தட்டி, பதில் இல்லாமல் நின்று, இன்னொரு முறை தட்டி, திரும்பிப் போயிருக்கிறார். மூன்றாவது முறை தட்டவில்லை பாருங்கள், அதுதான் என் மனத்தைப் பிசைகிறது. மருமகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறது. நீங்கள் உள்ளே மயங்கி விழுந்திருந்தால், தாழிட்ட கதவுக்கு வெளியே உங்களைத் தேடி வந்திருக்கக்கூடிய ஒரே மனிதரும் அவர்தான்.

அந்த அடுப்பு இரவெல்லாம் அவர் அறையில் இருக்கிறது என்பதையும் நீங்கள் யோசிக்கவில்லை. உங்களுக்கு இருபது நிமிடத்தில் கண் இருட்டுகிறதென்றால், எட்டு மணி நேரம் அதனருகே படுத்திருக்கும் முதியவரின் நிலை என்ன? காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று அவர் சொன்னதுண்டா? அதை வயது என்று நீங்கள் எல்லோருமாகத் தள்ளிவிட்டீர்களா? அவரையும் உங்களோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உங்களுக்கென்று அரை மணி நேரம் வேண்டும் என்பதில் எந்தத் தவறும் இல்லை. வீட்டு வேலை அத்தனையும் ஒரு பெண்ணின் தலையில் விழுவது மருமகளின் கடமை என்று சொல்பவள் நான் அல்ல. பதினேழு வயதுப் பிள்ளை ஆறு மணிக்கு எழுந்து பாட்டிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தால் அவன் படிப்பு கெட்டுவிடாது. உங்கள் கணவர் லோடு முடித்து வந்த பிறகு தன் தாயின் அருகே கால் மணி நேரம் உட்கார வேண்டும். அவர் பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதலில் அவருடையது. இதை அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்க வேண்டியவரிடம் கேட்காமல், கேட்க முடியாதவரின் முகத்தில் கதவைத் தாழிட்டதைத்தான் நான் தவறென்கிறேன். யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். யோக சூத்திரத்தில் பதஞ்சலியும் சரி, திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலரும் சரி, செய்யக்கூடாதவற்றை விலக்கும் இயமத்தையும் செய்ய வேண்டிய ஒழுக்கங்களான நியமத்தையும் சொன்ன பிறகுதான் ஆசனத்துக்கு வருகிறார்கள். பிற உயிருக்குத் தீங்கு செய்யாமை அந்த முதல் படியிலேயே இருக்கிறது.

பயிற்சிக்கு வருவோம். விடியற்காலையில்தான் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்கள் ஊர்க் குளிரில் ஐந்து மணிக்குத் தசையும் மூட்டும் விறைத்துக் கிடக்கும். மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்குள் முடித்துவிட்டு, மாலை நான்கு மணிக்குத் தேநீருக்கு முன் செய்யுங்கள். வயிறும் காலியாக இருக்கும், உடம்பும் இளகியிருக்கும். முன்னறையில், வெயில் விழும் இடத்தில், கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஸ்வெட்டரையும் காலுறையையும் முதலிலேயே கழற்ற வேண்டாம். ஐந்து நிமிடம் அறைக்குள்ளேயே நடந்து, தோளையும் மணிக்கட்டையும் கணுக்காலையும் சுழற்றிச் சூடேற்றிய பிறகு காலுறையை மட்டும் கழற்றுங்கள். நிற்கிற ஆசனத்துக்கு வழுக்காத யோகா பாய் வேண்டும். படுத்துச் செய்வதற்குப் பாயின் மேல் கெட்டியான ஜமுக்காளத்தை விரித்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் கொஞ்சம் போதும். நின்றபடி மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே உயர்த்தி, விட்டுக்கொண்டே இறக்குவது. முட்டிக்கு அடியில் மடித்த கம்பளியை வைத்துக்கொண்டு, கையையும் முட்டியையும் ஊன்றிப் பூனைபோல முதுகை வளைத்து நிமிர்த்துவது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கிப் பாதத்தை ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்தும் சேதுபந்தாசனம். காலை நீட்டி உட்கார்ந்து, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்துத் தளர்த்துவது. முட்டியைத் தாங்குவது தொடைதான் என்பதால், உங்கள் வலிக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். கடைசியில் போர்வை போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் சவாசனம். முட்டியை முழுக்க மடக்கி உட்காரும் வஜ்ராசனமும் பத்மாசனமும் இப்போது வேண்டாம். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தைக் காணொளி பார்த்து ஒருநாளும் செய்யாதீர்கள். மூச்சை அடக்குவதும், வேகமாக விடும் கபாலபாதியும் ஆசிரியர் இல்லாமல் கூடாது. இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு சற்று நீளமாக இருக்கட்டும், அவ்வளவுதான். சென்னையில் நெடுங்காலம் கற்பித்து 1989-இல் மறைந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யா, வந்தவரின் வயதையும் உடம்பையும் பார்த்துத்தான் பயிற்சியை வகுத்துக் கொடுத்தார். கைப்பேசிக்கு உங்கள் முட்டி தெரியாது. மாதம் ஒருமுறையாவது உதகையில் நேரில் ஓர் ஆசிரியரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த முன்னறையில், உங்கள் பாய்க்கு எதிரே, கைப்பிடி உள்ள ஒரு நாற்காலியைப் போடுங்கள். மாமியார் அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, நீங்கள் கையை உயர்த்தும்போது தானும் உயர்த்தட்டும், முடிந்தவரை பாதத்தை ஏற்றி இறக்கட்டும். பேச்சுக்கொடுப்பார், உங்கள் கவனம் சிதறும், நான்கு நாள் எரிச்சல் வரும். இருந்தாலும் போடுங்கள். விடாமல் செய்வதற்கு வழி கேட்டீர்கள். நான்கு மணிக்கு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்தால் நீங்கள் தவறவிட மாட்டீர்கள்.

இரவுக்கு அவருக்கு இன்னொரு கம்பளியும், துணி சுற்றிய வெந்நீர்ப் பையும் கொடுங்கள். கையில் பணம் சேர்ந்து மின்சார ரூம் ஹீட்டர் வாங்கினால், அது அவர் அறைக்குத்தான் போக வேண்டும். உங்களுக்கு அசைவிலேயே சூடு வந்துவிடும்.