பழைய வானொலிக் கருவிச் சந்தைக்கு இருவராகப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பிப்ரவரி கடைசி சனி, ஞாயிறு இரண்டு நாளும் முட்டத்துக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது அரசு உரிமம் பெற்றுச் சொந்த நிலையத்திலிருந்து மற்ற நிலையங்களோடு பொழுதுபோக்காகப் பேசுகிறவர்கள், கூடுகிறோம். பழைய கருவிகளை விற்போம், வாங்குவோம், மாற்றிக்கொள்வோம். இரவுத் தங்கல் கூடாரத்தில். வருவதாகச் சொன்னவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் கணவருக்கு மட்டும்தான் உரிமம் இருக்கிறது, அண்ணாச்சி. இரண்டு நாள் அந்தத் தோப்பில் நான் என்ன செய்வேன்? (மார்த்தாண்டம்)

நிறைய வேலை இருக்கிறது தங்கச்சி. முதலில், பதிவேட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையம், எத்தனை மணி, எந்த அலைவரிசை, சிக்னல் எப்படி என்று ஒவ்வொரு தொடர்பையும் எழுத வேண்டும். இரைச்சலுக்குள் மெலிதாக வரும் அழைப்புக் குறியை, அதாவது நிலையத்தின் எழுத்தும் எண்ணும் கலந்த பெயரை, பேசுகிறவரைவிட எழுதுகிறவர்தான் சீக்கிரம் பிடிப்பார். இரண்டு மணி நேரம் எழுதினாலே 4எஸ்7 என்று தொடங்கினால் இலங்கை, 8கியூ7 என்று தொடங்கினால் மாலத்தீவு என்று காதில் நின்றுவிடும். ஒலிவாங்கியை மட்டும் அவர் கையிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்ததாக, நீங்களும் உரிமத் தேர்வு எழுதுங்கள். 12 வயது முடிந்த யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் என்ற தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாகத் தட்டும் தந்திக் குறியீடு) கிடையாது. வானொலியின் அடிப்படையும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். அதற்கு மேலான ஜெனரல் நிலைக்குத்தான் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். ஆளுக்கொரு அழைப்புக் குறியோடு கணவனும் மனைவியும் வரும் கூடாரம் தனி அழகு.

இது ஆண்கள் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் பாரதி பிரசாத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் அமெச்சூர் நிலையம் நடத்த அந்தமானுக்குப் போயிருந்தார். 26ஆம் தேதி காலை சுனாமி வந்து தொலைபேசிகள் ஓய்ந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து செய்தி வெளியே போக அவருடைய நிலையம் வழியானது. நம் குளச்சலும் மணக்குடியும் உயிர்களைப் பறிகொடுத்த அதே காலை. இந்தக் கரையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது வானொலி தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அதுவும் 2017 ஒக்கிப் புயலும்தான் காரணம்.

கூடாரத்தை எங்கே அடிக்கலாம்? (தக்கலை)

தென்னை மூட்டில் அடிக்காதீர்கள். காய் விழும், காய்ந்த மட்டையும் விழும். தோப்பின் மேற்கு ஓரத்தில் சவுக்கு வரிசை இருக்கிறது, அதன் பக்கம் போங்கள். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பகல் வெளிச்சத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவன் நான். உரிமம் இல்லை. சந்தையில் டிரான்ஸீவர் (பேசவும் கேட்கவும் ஆன கருவி) வாங்கலாமா? (திங்கள்சந்தை)

வாங்கக் கூடாது. ஒலிபரப்பும் கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டிலேயே சட்டம் குற்றமாக்கிவிட்டது. பேசினால்தானே தப்பு என்ற வாதம் எடுபடாது. விற்கிறவர் உங்கள் உரிமத்தைக் கேட்பார். கேட்காதவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

ஆனால் சந்தைக்குக் கட்டாயம் வாருங்கள். மல்டிமீட்டர், சோல்டரிங் அயர்ன், மோர்ஸ் சாவி, கேங் கண்டென்சர், சுருள் சுற்றும் செம்புக் கம்பி எல்லாம் கிடைக்கும். ஐதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸீவரில் சுருள்களைத் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றினார்கள். கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருளை வைத்தே கண்டம் தாண்டிப் பேசும் கருவி செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டிய வேலை அது. தேர்வுக்குப் படிக்கும் மாதங்களில் அந்தச் சுற்றை வரைந்து பழகுங்கள்.

பழைய 100 வாட் செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எதைச் சோதிக்க வேண்டும்? (நாகர்கோவில்)

நல்ல கேள்வி. விலை பேசுவதற்கு முன் கருவியைவிட்டு விற்கிறவரிடம் பேசுங்கள். எத்தனை காலம் வைத்திருந்தார், ஏன் விற்கிறார், யார் கழற்றிப் பார்த்தது என்று கேளுங்கள். மூடியின் திருகுத் தலைகள் தேய்ந்திருந்தால் உள்ளே பல கைகள் புகுந்திருக்கின்றன என்று பொருள்.

பிறகு முகர்ந்து பாருங்கள். கருகிய டிரான்ஸ்பார்மர் வாசனை வருடக்கணக்கில் போகாது. பின்பக்க ஆன்டெனா சாக்கெட்டைப் பாருங்கள். நம் கடற்காற்றில் இருந்த செட் என்றால் பச்சை பூத்திருக்கும். வெளியே பூத்தது உள்ளேயும் பூத்திருக்கும்.

அதன்பின் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் மின்தடை) மாட்டி, ஒவ்வொரு அலைவரிசையிலும் எத்தனை வாட் வருகிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். ஒரு வரிசையில் 100, இன்னொன்றில் 30 என்றால் விலை குறைக்கப் பேச வேண்டாம், வாங்காமல் விட்டுவிடுங்கள். ஆன்டெனாவோ டம்மி லோடோ இல்லாமல் பேசும் பொத்தானை யாரும் அழுத்தக் கூடாது. போகிற இடமில்லாத சக்தி திரும்பி வந்து இறுதிநிலை டிரான்சிஸ்டர்களைக் கொன்றுவிடும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

வால்வு செட் என்றால் நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்.

கேபிள் வாங்கினால் முனையில் ஓர் அங்குலம் உறையைச் சீவிப் பாருங்கள். உள்வலை கறுத்திருந்தால் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளை நீளமாக வாங்காதீர்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் போனால் நாலில் மூன்று பங்கு சக்தி கேபிளிலேயே தீர்ந்துவிடும்.

உரிமம் இல்லாமல் சின்ன வாக்கி-டாக்கி மட்டும்? (குழித்துறை)

அரசு உரிம விலக்குத் தந்த 446 மெகாஹெர்ட்ஸ் குறைசக்திக் கருவி என்றால் உரிமம் வேண்டாம். மற்றதற்கெல்லாம் திங்கள்சந்தைத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். அளவு சின்னதானால் சட்டம் சின்னதாகாது.

எங்கள் வீட்டு டிஷ் ஆன்டெனாவில் படம் உறைகிறது. (இரணியல்)

டிஷ் மாட்டியவரைக் கூப்பிடுங்கள்.

இரவில் கடற்கரையிலிருந்து பேச எந்த ஆன்டெனா நல்லது? தென்னையில் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இருபுறமும் கிடையாக இழுத்த கம்பி) கட்டினால் போதும் என்று நினைக்கிறேன். (குளச்சல்)

கடல் பத்தடியில் கிடக்கும்போது தென்னையில் ஏன் கட்ட வேண்டும்? 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 5 மீட்டர், கம்பியின் நீளம் அதுதான். ஒரு நீளத் தூண்டில் கம்பில் கம்பியைச் சுற்றி, அலை நனைக்கும் விளிம்பில் செங்குத்தாக நடுங்கள். அதன் அடியிலிருந்து கிளம்பும் தரைக் கம்பிகளை ஈர மணலில் விரியுங்கள். ஐரோப்பாவும் ஜப்பானும் கேட்கும்.

ஒத்துக்கொள்ள மாட்டேன். செங்குத்துக் கம்பி எல்லாத் திசையிலும் மோசமாகப் பேசும் என்பார்கள். தென்னையில் பத்து மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோலில் சென்னையோடு தினமும் பேசுகிறேன். (குளச்சல், மீண்டும்)

சென்னையோடு பேசுவீர்கள், அதில் சந்தேகமில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல், பக்கத்துக்குப் பத்து மீட்டர், பத்து மீட்டர் உயரம். அது கால் அலைநீள உயரம்தான். சக்தியில் பெரும்பகுதி நேராக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். சென்னைக்கும் பெங்களூருக்கும் அதுதான் சரி. நான் சொல்வது தூரத் தொடர்பு. அதற்குச் சக்தி அடிவானத்தை ஒட்டிப் போக வேண்டும்.

செங்குத்துக் கம்பிக்குக் கெட்ட பெயர் வந்தது காய்ந்த தரையால். மண் மோசமான கடத்தி. தாழ்ந்த கோணத்தில் போகும் அலையைத் தின்றுவிடும். கடல்நீரின் கடத்துத்திறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ், காய்ந்த மணலைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். அதன் மேல் விழும் அலை இழப்பின்றிப் பிரதிபலிக்கும். முன்னால் திறந்த கடல், மறைக்க மலையில்லை. உலகெங்கும் தீவுகளுக்குப் போய் நிலையம் நடத்துகிறவர்கள் தண்ணீர் ஓரத்தில் செங்குத்துக் கம்பி நடுவது இதனால்தான்.

குளச்சல்காரர் சொல்வதே சரி. டைபோலுக்குத் தரைக் கம்பி தொல்லை இல்லை. (அஞ்சுகிராமம்)

தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் பேச்சு தொல்லையைப் பற்றியது அல்ல, தூரத்தைப் பற்றியது. சனி இரவு இரண்டையும் கட்டுவோம். ஒரே செட், நடுவில் ஒரு சுவிட்ச். மார்த்தாண்டம் தங்கச்சி கண் மறைவில் உட்கார்ந்து, எந்த ஆன்டெனா என்று தெரியாமலே சிக்னல் அளவை எழுதட்டும். பதிவேடு பேசட்டும்.

அப்படியானால் செங்குத்துக் கம்பி எதற்கும் உதவும் என்கிறீர்களா? (குளச்சல்)

மேலே எழுதியதைப் பொறுமையாக மறுபடி படியுங்கள். பக்கத்து ஊருக்கு டைபோல், தூர தேசத்துக்குக் கடலோரச் செங்குத்து. சுவிட்சை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (அருமனை)

வந்த பிறகு வாங்குங்கள்.

ஜெனரேட்டர் கொண்டுவரலாமா? நானும் மனைவியும் காரில் வருகிறோம். (கருங்கல்)

வேண்டாம். சத்தமும் வானொலி இரைச்சலும் பக்கத்துக் கூடாரத்துக்குப் போகும். 100 வாட் செட் முழுச் சக்தியில் 20 ஆம்பியர் வரை இழுக்கும். கேட்கும்போது ஓர் ஆம்பியர் போதும். 100 வாட்டை 25 ஆகக் குறைத்தால் எதிரில் கேட்பவரின் அளவியில் ஒரே ஒரு எஸ் அலகுதான் (சிக்னல் அளவின் ஒரு படி) குறையும். குறைத்துப் பேசுங்கள், ஒரு லித்தியம் பேட்டரி இரவைத் தாங்கும். கார் பேட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள், காலையில் ஊர் திரும்ப வேண்டும்.

கடற்கரையில் இரவில் கம்பி நட்டுப் பேசுவதைப் பார்த்துக் கடலோரக் காவல்காரர்கள் விசாரிப்பார்கள். அது அவர்கள் கடமை. உரிமத்தைக் கையில் வைத்திருங்கள், முன்பே காவல் நிலையத்தில் சொல்லிவிடுவோம்.

வெளிநாட்டில் இப்படி நடக்கிறதா? (ஆரல்வாய்மொழி)

அமெரிக்காவின் ஒஹாயோவில் 1952 முதல் டேட்டன் ஹாம்வென்ஷன் நடக்கிறது. 2017 முதல் பக்கத்து ஊரான ஜீனியாவில், மே மாதத்தில். திறந்தவெளியில் வரிசை வரிசையாகப் பழைய கருவி விற்பார்கள்.

பிறந்தநாள் பரிசாக மகனுக்கு ஒரு செட்... உரிமம் அவசியமா? (பூதப்பாண்டி)

அவசியம். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன். மகனுக்கு மோர்ஸ் சாவி வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே அலமாரி நிறையக் கருவி. இவர் இன்னும் வாங்காமல் இருக்க என்ன வழி, அண்ணாச்சி? (மார்த்தாண்டம், மீண்டும்)

வாங்குவதற்குப் பதில் விற்க வாருங்கள். ஓடாத எதையும் மறைக்காமல், ஒவ்வொன்றின் மேலும் என்ன பழுது, என்ன விலை என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். விலையை நீங்கள் சொல்லுங்கள், அவர் சோதித்துக் காட்டட்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேசை போட்டுவிடுங்கள்; நல்ல சாமான் ஒன்பது மணிக்குள் கைமாறிவிடும்.