மூக்கும் கன்னமும் திருத்திய பிறகு வாயில் வரும் தொல்லைகள்: கேள்வி பதில்

தஞ்சாவூர் மாவட்டத்தில் வாய், தாடை அறுவை சிகிச்சை பார்க்கிற டாக்டர் நான். அழகுக்காக மூக்கு, கன்னம், தாடை, உதடு என்று செய்துகொண்டு வந்தபின் வாயில் எதிர்பாராத தொல்லை வந்தவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஒன்று அவசரம், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நாகப்பட்டினம்: அக்கா, நேற்று உதட்டைப் பருமனாக்கும் ஃபில்லர் ஊசி போட்டேன். மேலுதட்டில் ஒரு பக்கம் வெளுத்து, பக்கத்துத் தோலில் வலை மாதிரி ஊதா நிறம் படர்கிறது, வலியும் ஏறுகிறது. ஐஸ் வைக்கவா?

ஐஸ் வேண்டாம்மா. ஊசி போட்டவருக்கு இப்போதே போன் பண்ணு, எடுக்கவில்லையா, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கிளம்பு. ஃபில்லர் ரத்தக் குழாயை அடைத்தால் இப்படித்தான் ஆகும். ஹயலுரானிக் அமில ஃபில்லர் என்றால் அதைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் ஊசி இருக்கிறது, ஆனால் மணிக்கணக்கில் தள்ளிப்போட்டால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். கண் மங்கினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே. என்ன மருந்து போட்டார்கள் என்ற சீட்டையும் கையில் எடுத்துக்கொள்.

மன்னார்குடி: மூக்கை நேராக்கி மூன்று வாரம் ஆகிறது டாக்டர். மேல் முன்பல் இரண்டும் மரத்துக் கிடக்கின்றன, அண்ணத்தின் முன்பக்கமும் அப்படித்தான். இங்கே பல் டாக்டர் குளிர் வைத்துப் பார்த்தார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பல் செத்துவிட்டது, வேர் சிகிச்சை வேண்டியிருக்கலாம் என்கிறார்.

மூக்கில் அறுவை நடந்ததை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன், சொல்லியிருந்தால் அவரே நிறுத்தி யோசித்திருப்பார். மூக்கின் நடுத்தண்டை ஒட்டி ஒரு நரம்பு இறங்கி, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள சிறிய துளை வழியாக அண்ணத்துக்கு வருகிறது. நடுத்தண்டின் அடிப்பகுதியில் வேலை செய்யும்போது அதுவும், பல்லுக்குப் போகிற நுண்ணிய கிளைகளும் அதிர்ச்சி வாங்கும். குளிர்ச் சோதனை பார்ப்பது உணர்வை மட்டும்தான், ரத்த ஓட்டத்தை இல்லை. உணர்வு இல்லாத பல்லுக்கு உயிர் இருக்கலாம், அதைத் துளைத்துவிட்டால் திரும்ப வராது. பல் கறுக்கவில்லை, ஈறில் கொப்புளம் இல்லை, எக்ஸ்ரேயில் வேர் நுனியில் மாற்றம் இல்லை என்றால் பொறுங்கள். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உணர்வு திரும்பும், வரும்போது சுருக் சுருக்கென்று குத்தும், அது நல்ல அறிகுறி. சிரித்தால் மேலுதடு விறைப்பாக இருப்பதும் இந்தச் சமயத்தில் சகஜம்.

கும்பகோணம்: அம்மாவுக்கு முகச் சுருக்கம் நீக்கும் ஆபரேஷன் செய்து பத்து நாள் ஆகிறது. சாப்பிட உட்கார்ந்தாலே காதுக்கு முன்னால் கன்னம் வீங்குகிறது. நேற்று புளியோதரை கலந்தபோது வாசனைக்கே வீங்கிவிட்டது, பாட்டி உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்.

ஒத்தடமும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். புளி வாசனைக்கு வீங்கியது என்று நீங்கள் கவனித்துச் சொன்னது பெரிய உதவி. காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியிலோ அதன் குழாயிலோ கீறல் விழுந்து, எச்சில் வாய்க்குள் போகாமல் தோலுக்கடியில் தேங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஆபரேஷன் செய்தவரிடம் நாளைக்கே காட்டுங்கள். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி, அதில் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதியைப் பார்த்தால் எச்சிலா இல்லையா என்று தெரிந்துவிடும். பிறகு அவ்வப்போது உறிஞ்சி எடுப்பது, இறுக்கமான கட்டு, தேவைப்பட்டால் சுரப்பை அடக்க போட்டாக்ஸ் ஊசி, இவ்வளவிலேயே பலருக்கு அடங்கிவிடும். அதுவரை எலுமிச்சை ஊறுகாய், வத்தக்குழம்பு எல்லாம் அம்மா கண்ணில் படவே வேண்டாம். காய்ச்சலோ, சிவந்து சூடாக இருப்பதோ, சீழோ இருந்தால் நாளை வரைகூட வேண்டாம், இன்றே போங்கள்.

திருவாரூர்: கழுத்தையும் தாடையோரத்தையும் இறுக்கிக்கொண்டேன். "ஈ" என்று பல்லைக் காட்டினால் கீழுதடு ஒரு பக்கம் இறங்குவதில்லை. வாதம் என்று பயமுறுத்துகிறார்கள்.

கண் சரியாக மூடுகிறது, நெற்றி சுருங்குகிறது, கையில் பலம் இருக்கிறது, பேச்சு குழறவில்லை, ஆபரேஷன் முடிந்ததிலிருந்தே இப்படி என்றால், தாடை விளிம்பில் ஓடுகிற முக நரம்புக் கிளை இழுபட்டிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரம், சில மாதத்தில் சரியாகும், ஆனாலும் செய்தவர் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். நன்றாக இருந்த வாய் திடீரென்று கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ கதையே வேறு. 108-ஐக் கூப்பிடுங்கள், எண்ணெய் தேய்க்க வைத்தியரைத் தேடிப் போகாதீர்கள்.

தஞ்சாவூர்: தாடையை எடுப்பாகக் காட்ட உள்ளே இம்பிளான்ட் (செயற்கைத் துண்டு) வைத்தபின் கீழுதடு மரத்திருக்கிறது அக்கா. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடாமல் இருக்க முடியவில்லை. எப்போது போடலாம்?

தையல் வாய்க்குள், கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், பலருக்கு அங்கேதான் இருக்கும். சீவல் துணுக்கு அதில் சிக்கினால் புண் ஆறாது. மரத்த உதட்டில் சுண்ணாம்பு கூடிப்போனால் வெந்துபோகும், எரிச்சல் தெரியாததால் நீங்கள் துப்பவும் மாட்டீர்கள். டபராவில் ஆற்றாத காபியும் அப்படித்தான், உதட்டை நம்பாமல் விரலால் சூடு பாருங்கள். பாக்கைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: வாய்ப் புற்றுக்கும், வாய் திறக்க முடியாமல் இறுகிப்போவதற்கும் அது காரணம், புகையிலை சேர்க்காமல் போட்டாலும்கூட. இந்தச் சாக்கில் விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

மயிலாடுதுறை: வாயெல்லாம் இரும்புச் சுவை.

கொடுத்த மருந்துகளில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை இருக்கிறதா பாருங்கள், அதனால் இந்தச் சுவை வரும், கோர்ஸ் முடிந்தால் போய்விடும். நீங்களாக நிறுத்த வேண்டாம். நாக்கில் சுரண்டினால் வருகிற வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சை, அதற்குத் தனி மருந்து.

பட்டுக்கோட்டை: சென்னையில் செய்துகொண்டேன், வீட்டில் யாருக்கும் தெரியாது. இங்கே பல் டாக்டரிடம் சொல்லித்தான் ஆகணுமா?

மாமியாரிடம் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரிடம் சொல்லித்தான் ஆகணும். துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசலாம், அப்படிக் கேட்டால் எந்த டாக்டரும் தப்பாக நினைக்க மாட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி, இம்பிளான்ட் அட்டை, மருந்துச் சீட்டு மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள், சென்னைக்குத் திரும்ப அலைவது மிச்சம்.