இளங்கலை படிக்கும்போதே உதவித்தொகையுடன் கோடையில் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போக விண்ணப்பிப்பது எப்படி?

தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன், வெளிநாட்டில் யாரையும் தெரியாது, ஆங்கிலமும் சுமார்தான், இதெல்லாம் ஐ.ஐ.டி. மாணவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் உலோகவியல் படித்தவள். மூன்றாம் ஆண்டுக் கோடையில் டி.ஏ.ஏ.டி. எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற சேவையின் வைஸ் திட்டத்தில் கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தேன். சீனியர்கள் சொல்வதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். கல்லூரியின் பெயருக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பேராசிரியர் நமக்கு அழைப்புக் கடிதம் தருவது, "இந்த மாணவிக்கு என் ஆய்வகத்தில் கொடுக்க ஒரு வேலை இருக்கிறது" என்று அவருக்குத் தோன்றும்போதுதான். அந்த எண்ணத்தை அவருக்கு உண்டாக்குவதுதான் இந்த விண்ணப்பத்தில் முக்கால்வாசி வேலை.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். டி.ஏ.ஏ.டி. 1925-ல் ஹைடல்பர்க் நகரில் தொடங்கப்பட்ட அமைப்பு. வைஸ் என்பது இந்திய மாணவர்களுக்காகவே அது நடத்தும் திட்டம். அறிவியல், பொறியியல் படிக்கும் இளங்கலை மாணவர்கள் இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை செய்யலாம். மாத உதவித்தொகை, விமானப் பயணத்துக்கு ஒரு தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் தருகிறார்கள். நான்கு ஆண்டுப் படிப்பு என்றால் மூன்றாம் ஆண்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இறுதியாண்டு வந்துவிட்டால் வாய்ப்பு போய்விடும். விண்ணப்பிக்கும்போதே ஜெர்மன் பேராசிரியரின் அழைப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. எந்தெந்தக் கல்வி நிறுவன மாணவர்களுக்குத் தகுதி, எவ்வளவு தொகை, கடைசித் தேதி எது என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். விண்ணப்பம் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டிய வாரங்களில் முடிந்துவிடும். ஆகவே உங்களுக்கு உண்மையான காலக்கெடு ஆகஸ்டும் செப்டம்பரும்தான்.

என் அப்பா கோவையில் கணபதி என்ற பகுதியில் ஒரு பவுண்டரியில், அதாவது வார்ப்பாலையில், வார்ப்பு அச்சு செய்யும் மோல்டராக இருந்தார். பம்ப் உதிரிபாகங்களை எஸ்.ஜி. அயர்ன் எனப்படும் ஒருவகை வார்ப்பிரும்பில் வார்க்கும் சிறிய பட்டறை அது. உருகிய இரும்பில் மெக்னீசியம் சேர்த்தால் அதிலுள்ள கிராஃபைட் தகடு தகடாக இல்லாமல் சிறு சிறு உருண்டைகளாக உறையும்; வார்ப்பு எளிதில் உடையாது. ஆனால் மெக்னீசியம் நிலைத்து நிற்காது. சேர்த்த நிமிடத்திலிருந்தே அதன் பலம் குறைந்துகொண்டே போகும். ஊற்றுவதற்குத் தாமதமானால் உருண்டைகள் சிதைந்துவிடும். "கடைசியாக ஊற்றின வார்ப்புகள்தான் கண்ணு எப்போதும் திரும்பி வருகின்றன" என்று அப்பா சாப்பிடும்போது சொல்வார். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அப்படித் திரும்பி வந்த துண்டுகள் சிலவற்றை வாங்கி, கல்லூரி ஆய்வகத்தில் எமரி தாளில் தேய்த்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் படம் எடுத்தேன். உருகிய இரும்பை ஏந்தி ஊற்றும் கலமான லேடில் ஒன்றிலிருந்து முதலில் ஊற்றியது, நடுவில் ஊற்றியது, கடைசியில் ஊற்றியது என்று வரிசையாக வைத்துப் பார்த்தபோது, உருண்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணலாகிப் போவது கண்ணுக்கே தெரிந்தது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அந்தப் படங்கள் என்னுடையவை. என் விண்ணப்பம் முழுவதும் அவற்றின் மேல்தான் நின்றது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஊரிலும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். திருப்பூர்க்காரருக்குச் சாயப்பட்டறைக் கழிவுநீர், சிவகாசிக்காரருக்கு வெடிமருந்து வேதியியல், தூத்துக்குடிக்காரருக்கு உப்பளம், டெல்டாக்காரருக்கு நெல்லும் மண்ணும். ஐ.ஐ.டி. மாணவருக்கு விலை உயர்ந்த கருவிகள் கிடைக்கும். தினமும் ஒரு தொழிலைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. அதைப் பற்றி உங்களால் கேட்க முடிந்த ஒரு நல்ல கேள்வியை வேறு யாராலும் கேட்க முடியாது.

கேள்வி கிடைத்ததும் பேராசிரியரைத் தேடுங்கள். ஜெர்மனியில் வார்ப்பட இயலுக்கென்றே ஆகன் (Aachen), ஃபிரைபர்க் (Freiberg) போன்ற ஊர்ப் பல்கலைக்கழகங்களில் தனி நிறுவனங்கள் இருக்கின்றன என்பதே தேடத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கூகுள் ஸ்காலரில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த கட்டுரைகளைப் பாருங்கள். பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு: ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளை தான் நிதி தரும் திட்டங்களை கெப்ரிஸ் (GEPRIS) என்ற பொதுத் தரவுத்தளத்தில் வெளியிடுகிறது. உங்கள் துறைச் சொல்லைப் போட்டுத் தேடினால், இப்போது எந்தப் பேராசிரியரிடம் என்ன திட்டம் நடக்கிறது என்று தெரிந்துவிடும். பத்தாண்டுக்கு முந்தைய கட்டுரையைப் புகழ்ந்து எழுதுவதைவிட, இன்று நடக்கும் திட்டத்தில் ஒரு சிறு வேலையைக் கேட்பது பலன் தரும். கட்டுரையில் முதல் பெயராக இருப்பவர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர். நீங்கள் போனால் தினமும் உங்களுக்கு வேலை சொல்லித் தரப் போகிறவர் அவராகத்தான் இருப்பார். அவருக்கும் கடிதத்தின் நகலை அனுப்புங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்காதீர்கள். பெறுபவர் பெண்ணாகவும் இருக்கலாம். பேராசிரியர் என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்து விளித்தால் போதும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு ஒன்றாக அனுப்புகிறவர்கள் உண்டு. அனுப்பியவர் நம் வேலையைப் படிக்கவில்லை என்பது பெறுபவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நான் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தை இங்கே தமிழில் தருகிறேன்:

"நான் இந்தியாவில் கோயம்புத்தூரில் உலோகவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. இங்குள்ள ஒரு சிறிய பவுண்டரியில், ஒரே லேடிலில் முதலிலும் கடைசியிலும் ஊற்றிய வார்ப்புகளின் நுண்ணமைப்பை ஒப்பிட்டேன். படங்களை இணைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரையில் மெல்லிய சுவர் கொண்ட வார்ப்புகளில் இதே மாற்றத்தை அளந்திருக்கிறீர்கள். எங்கள் வார்ப்புகளின் சுவர் தடிமன் அதிகம். தடிமன் கூடும்போது உங்கள் முடிவு எப்படி மாறும் என்று அறிய விரும்புகிறேன். வரும் கோடையில் உங்கள் குழுவில் மாதிரிகளைத் தயாரித்து, படமெடுத்து, அளக்கும் வேலை எதுவானாலும் செய்யத் தயார். டி.ஏ.ஏ.டி. வைஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். தேர்வானால் என் செலவு உங்கள் குழுவைச் சேராது."

அந்தக் கடைசி வரி மிக முக்கியம். பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் பேராசிரியரின் முதல் சந்தேகம். அதைக் கடிதமே தீர்த்துவிட வேண்டும். பெரும்பாலோர் பதில் எழுதவில்லை. சிலர் இடமில்லை என்று மரியாதையாக எழுதினார்கள். மனம் தளர வேண்டாம், இது எல்லோருக்கும் நடப்பதுதான். சம்மதம் சொன்ன பேராசிரியர் என் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மூன்றாவது படத்தில் உருப்பெருக்க அளவுகோலைக் காணோமே, எத்தனை மடங்கு என்று கேட்டார். அதற்கு அன்றே பதில் எழுதினேன். பிறகு அவருடைய ஆராய்ச்சி மாணவருடன் வீடியோ அழைப்பில் பேசி, எந்த வாரம் என்ன வேலை என்ற திட்டத்தை இருவருமாகத் தயாரித்தோம். அதைத்தான் விண்ணப்பத்தில் இணைத்தேன். "சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரைகளைத் தேர்வுக் குழுவினர் கட்டுக்கட்டாகப் படித்திருப்பார்கள். வாரத் திட்டம் அப்படியல்ல. அந்த ஆய்வகத்தில் என்ன கருவி இருக்கிறது, எது எத்தனை நாள் பிடிக்கும் என்று தெரிந்தவரால்தான் அதை எழுத முடியும்.

அடுத்து பரிந்துரைக் கடிதம். நம் கல்லூரிகளில் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பது வழக்கமாகிவிட்டது. இதை நான் மனதார எதிர்க்கிறேன். மாணவர் தன்னைப் பற்றித் தானே எழுதும் கடிதத்தில் புகழ்ச்சி இருக்கும், ஆசிரியர் கண்ணால் பார்த்தது எதுவும் இருக்காது. துறைத் தலைவரிடம் ஓடாதீர்கள். உங்களை ஆய்வகத்தில் பார்த்த ஆசிரியரிடம் போங்கள், அவர் இளையவராக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் செய்த வேலையின் விவரங்களை ஒரு பக்கத்தில் கொடுத்து, இதிலிருந்து நீங்களே எழுதித் தாருங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

நம் ஊர் மாணவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல், பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய இன்னொரு பெயர், விண்ணப்பத் தளமோ குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். அழைப்புக் கடிதத்திலும் அதே எழுத்துகளை வைத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று கல்லூரி முதல்வரிடம் ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். போலீஸ் விசாரணை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அந்த நேரம் விடுதியில் இருந்தால் இன்னும் இழுக்கும்.

தேதிகளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். நம் செமஸ்டர் தேர்வுகள் மே மாதம் வரைகூட நீளும். ஜெர்மனியின் கோடை செமஸ்டர் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை நடுவில் முடிகின்றன. ஆகஸ்டில் பாதி ஆய்வகம் விடுமுறையில் போய்விடும். ஆகவே தேர்வு முடிந்ததும் தாமதிக்காமல் கிளம்புவது நல்லது. ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது என்பதால் ஒரு நாள்கூடக் கூடாமல் கணக்கிடுங்கள். வகுப்புகள் நடக்கும் காலம் என்பதால் மாணவர் விடுதிகளில் இடம் கிடைப்பது கடினம். பயிற்சிக்கோ வெளியூருக்கோ போகும் மாணவர்கள் தங்கள் அறையைச் சில மாதங்களுக்கு உள்வாடகைக்கு விடுவார்கள்; ஆய்வுக் குழுவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பணத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. முழு உதவித்தொகை என்றாலும், டிக்கெட், விசாக் கட்டணம், அறைக்கு முன்பணம் ஆகியவற்றை நாங்கள்தான் முதலில் போட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பணம் இல்லை. அப்பாவின் முதலாளி வட்டியில்லாமல் கொடுத்தார், உதவித்தொகையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால் தேர்வுப் பட்டியல் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கல்லூரியிலும் உறவினர்களிடமும் பேசி வையுங்கள். ஏஜென்டுகளுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இதில் அவர்கள் செய்வதற்கு எந்த வேலையும் இல்லை.

வைஸ் மட்டுமே வழி இல்லை. கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் திட்டத்தில் பன்னிரண்டு வாரம் ஆய்வு செய்யலாம். அங்கே பேராசிரியர்கள் திட்டங்களைப் பட்டியலிட்டிருப்பார்கள், நாம் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். முன்கூட்டி அழைப்புக் கடிதம் தேவையில்லை. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பயிற்சி மாணவர்களை எடுக்கிறது, விமான டிக்கெட்டும் தருகிறது. ஆய்வு அனுபவமே இல்லையென்றால், நம் நாட்டு அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல இந்திய ஆய்வகத்தில் இருந்தால், வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுத உங்களிடம் விஷயம் இருக்கும்.

ஆங்கிலம் சுமார் என்றீர்களே, அதற்கு என் பதில்: அந்த ஆய்வகத்தில் பாதிப்பேருக்கு அது இரண்டாவது மொழிதான். அவர்களும் யோசித்து, நிறுத்தித்தான் பேசினார்கள். உங்கள் துறைச் சொற்களைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும். வீடியோ அழைப்புக்கு முன், நீங்கள் செய்த வேலையை ஐந்து நிமிடத்தில் விளக்கி, அதை நண்பரிடம் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். கடிதத்தை எழுதி முடித்ததும் உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் என்ன வேலை கேட்கிறீர்கள் என்று அவருக்குப் புரியவில்லை என்றால் அனுப்பாதீர்கள், திருத்தி எழுதுங்கள். உங்கள் துறை எது, ஊர் எது என்று கருத்துப் பகுதியில் எழுதினால், எந்த வகையான ஆய்வுக் குழுக்களைத் தேடலாம் என்று என்னால் முடிந்த அளவு சொல்கிறேன்.