கேளுங்கள், சொல்கிறோம்: சிப்பாங்கில் பாதிப் புள்ளி

கேள்வி: மாமாக் கடையில் ஒரே வாக்குவாதம். 2009 மலேசிய ஃபார்முலா 1 பந்தயத்தில் ஜென்சன் பட்டன் முதலாவதாக வந்தும் அவருக்கு 5 புள்ளிதான் கொடுத்தார்கள் என்கிறான் நண்பன். அப்போது முதலிடத்துக்கு 10 இல்லையா?
– வாசகர், செந்தூல்

பதில்: நண்பர் சொன்னது சரி, தே தாரிக் டீக் காசை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

மொத்தம் 56 சுற்று. ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை, மழை கொட்டோ கொட்டென்று கொட்டி 33-ஆவது சுற்றில் சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள், அப்புறம் கார்கள் கிளம்பவே இல்லை. கொடி காட்டுகிற நேரத்தில் யார் எங்கே இருந்தார் என்பதில் ஏகக் குழப்பம் இருக்குமில்லையா, அதனால் கொஞ்சம் பின்னால் போய் 31-ஆவது சுற்றின் முடிவில் இருந்த வரிசையையே முடிவாக எடுத்துக்கொண்டார்கள். பட்டன், ஹைட்ஃபெல்ட், குளோக். 75 சதவீதத் தூரம் ஓடவில்லை என்றால் பாதிப் புள்ளி என்பது அன்றைய விதி. 31 சுற்று என்பது 55 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆக 10 என்பது 5, 8 என்பது 4, 6 என்பது 3.

எல்லாரும் மழையைத் திட்டினார்கள். நான் திட்டுவது கடிகாரத்தை. முந்தைய ஆண்டு மதியம் 3 மணிக்குத் தொடங்கிய பந்தயத்தை, ஐரோப்பாவில் டிவி பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சீக்கிரம் எழக் கூடாது என்பதற்காக 5 மணிக்குத் தள்ளினார்கள். ஏப்ரல் மாதத்துச் சாயங்காலம் இங்கே எப்படி இருக்கும் என்று கொடியில் துணி காயப்போடும் எந்த அம்மாவைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்! மழை விடட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை, ஏழரைக்குள் இருட்டிவிடும், சிங்கப்பூர் மாதிரி, பந்தயம் நடந்த சிப்பாங் தடத்தைச் சுற்றி விளக்கும் கிடையாது. கிமி ராய்க்கொனன் மட்டும் விஷயத்தைப் புரிந்துகொண்டவர்போல, மற்றவர்கள் காரை விட்டு நகராமல் காத்திருக்கும்போதே அரைக்கால் சட்டைக்கு மாறி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு 4 மணிக்கு மாற்றினார்கள்.

கேள்வி: இந்தப் பாதிப் புள்ளியால் யாராவது பட்டத்தை இழந்தார்களா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: 2009-இல் இல்லை. பட்டன் 95 புள்ளி, அடுத்து வந்த வெட்டல் 84.

1984-இல் நடந்ததுதான் கொடுமை. மொனாக்கோவில் அதே மழை, அங்கேயும் 31 சுற்றுதான் கணக்கு. முன்னால் போன பிராஸ்டுக்கு, அப்போது முதலிடத்துக்கு இருந்த 9-க்குப் பதில் 4.5 கிடைத்தது. பின்னாலேயே புதுப் பையன் சென்னா துரத்திக்கொண்டு வந்தார். ஆண்டு முடிவில் லவ்டா 72, பிராஸ்ட் 71.5. பந்தயம் முழுதாக ஓடி, சென்னாவிடம் தோற்று இரண்டாவதாக வந்திருந்தால்கூட பிராஸ்டுக்கு 6 கிடைத்திருக்கும், மொத்தம் 73, பட்டமும் அவருக்கே. பந்தயத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டியவரே அவர்தான்!

கேள்வி: சிப்பாங்கில் நடந்த முதல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஃபெராரி ஜெயித்ததா, தோற்றதா? அப்பா ஒன்று சொல்கிறார், மாமா ஒன்று சொல்கிறார்.
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: இரண்டு பேருமே சரி. 1999 அக்டோபர் 17, ஃபெராரியின் எடி இர்வைன் முதலிடம், கால் முறிந்து அப்போதுதான் திரும்பி வந்த அதே அணியின் ஷூமாக்கர் இரண்டாமிடம். பந்தயம் முடிந்து அளந்து பார்த்தால் காரின் பக்கவாட்டில் காற்றைத் திருப்பிவிடும் தகட்டில் 10 மில்லிமீட்டர் கணக்கு உதைத்தது. இரண்டு கார்களும் தகுதி நீக்கம், மூன்றாவதாக வந்த, பட்டத்துக்கு இர்வைனோடு மோதிய ஹக்கினென் உலகச் சாம்பியன். ஆறே நாள்தான். பாரிஸில் மேல்முறையீடு போய் ஃபெராரிக்கு வெற்றியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் இர்வைனுக்கு அது போதவில்லை, மாதக் கடைசியில் சுசூகாவில் ஹக்கினென் ஜெயித்து 76-க்கு 74 என்று பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அணிப் பட்டம் ஃபெராரிக்கு.