சாமி இல்லாத உலகத்தில் பாலடின்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதை சொல்லிப் பகடை உருட்டும் விளையாட்டை ஆடுகிறோம், 2014 விதிகள்தான். இந்த முறை ஆட்டத்தை நடத்துவது நான். நான் எழுதியிருக்கும் உலகத்தில் கடவுள் கிடையாது, கோயில் கிடையாது, யாருக்கும் மேலிருந்து வரம் வராது. ஆனால் ஒருவர் சபதம் எடுத்த புனித வீரனான பாலடின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது?

பதில்: கதையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாலடினின் சக்தி கடவுளிடமிருந்து வரும் அளவுக்கு நீதியின்மேல் அவர் வைத்திருக்கும் பிடிப்பிலிருந்தும் வருகிறது என்று அந்த விதிப் புத்தகமே சொல்கிறது, மூன்றாம் லெவலில் அவர் எடுப்பதும் ஒரு சபதம்தான். ஆகவே கடவுளைத் தூக்கிவிட்டாலும் சபதம் அப்படியே நிற்கும். தலைவலி எல்லாம் விதிகளில்தான்.

எல்லோரும் முதலில் பயப்படுவது ஸ்மைட்டைப் பார்த்து, அதாவது ஆயுதம் பட்டதும் கூடுதல் அடி கொடுக்கும் சக்தியைப் பார்த்து. எனக்கு அதுதான் இருப்பதிலேயே சுலபமாகத் தெரிகிறது. மந்திரம் போட வைத்திருக்கும் கையிருப்பில், முதல் நிலை ஸ்பெல் ஸ்லாட் ஒன்றைச் செலவழித்தால் 2 டி8 (எட்டு முகப் பகடை இரண்டு) கூடுதல் அடி, ஸ்லாட் ஒரு நிலை கூடினால் இன்னொரு டி8, மொத்தம் 5 டி8 வரை. இந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம். ஸ்லாட் என்பதற்கு ‘உறுதி’ என்று பெயர் வைத்து, ஸ்மைட் கொடுக்கும் ஒளி வகை அடியை அந்த ஆயுதத்தின் வகை அடியாகவே மாற்றிவிடுங்கள். பிணப்பேய்களுக்கும் நரகத்துப் பிராணிகளுக்கும் எதிராகக் கூடுதலாக ஒரு டி8 கிடைக்கிறதே, அதை யார்மேல் பாலடின் நாலு பேர் காதில் விழும்படி சபதம் போட்டாரோ அவருக்கு எதிராக மட்டும் கொடுங்கள். போன வாரம் ஊரை எரித்த கொள்ளைத் தலைவனை நேரில் பார்க்கும்போது அந்தப் பகடை விழட்டும்.

ஆறாம் லெவலில் வரும் ஆராவும் அப்படியே இருக்கலாம். பத்து அடிக்குள் நிற்பவர்களுக்குப் பாலடினின் கரிஸ்மா மாடிஃபையரை, ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவில் கூட்டுவது அது. நல்ல தலைவன் பக்கத்தில் நின்றால் கால் நடுங்காது, அதற்கு எந்தச் சாமியும் வேண்டாம்.

மந்திரப் பட்டியலைக் கொஞ்சம் இரக்கமில்லாமல் வெட்ட வேண்டியிருக்கும். கமாண்ட், ஹீரோயிசம் இரண்டும் குரலும் தைரியமும்தான் என்று சமாளிக்கலாம். குதிரையை வரவழைக்கும் ஃபைண்ட் ஸ்டீட் வேண்டாம், 400 பொற்காசுக்குப் போர்க்குதிரை விற்கிறது, வாங்கிக்கொள்ளட்டும். அது செத்தால் வலிக்கும், அதுவும் நல்லதுதான். மிச்ச மந்திரங்களை வெட்டிவிடுங்கள்.

உண்மையான சிக்கல் குணப்படுத்துவது. கைவைத்தால் காயம் ஆறுவதற்கு ஒரு லெவலுக்கு 5 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) வீதம் கையிருப்பு இருக்கிறது, ஐந்தாம் லெவலில் 25. பலர் இதைத் தற்காலிக ஹிட் பாயின்ட்டாக மாற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார்கள், ஆனால் பூஜ்யத்தில் மயங்கிக் கிடப்பவரைத் தற்காலிக ஹிட் பாயின்ட் எழுப்பாது. உங்கள் உலகத்தில் கடவுள் வரத்தால் குணப்படுத்தும் கிளெரிக்கும் இருக்க மாட்டார் என்பதால் விழுந்தவர் விழுந்தபடியே கிடப்பார், மூன்றாவது சண்டையில் உங்கள் நண்பர்கள் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் சொல்வது இப்படி: பாலடின் தொட்டு அழைத்தால் அந்தக் கூட்டாளி ஓய்வின்போது உருட்டி உயிரை மீட்கும் தன்னுடைய ஹிட் டைஸில் ஒன்றிரண்டை அங்கேயே உருட்டிக்கொள்ளலாம், மயங்கியிருந்தாலும் சரி. ஒரு நீண்ட ஓய்வுக்குள் எத்தனை முறை இப்படி அழைக்கலாம் என்பதற்குப் பாலடினின் லெவலோடு கூடும் ப்ரொஃபிஷன்ஸி எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். எழுவதற்கான பலம் விழுந்தவருடையது, பாலடின் எழுப்பி மட்டும் விடுகிறார். ஹிட் டைஸ் நீண்ட ஓய்வில் பாதிதான் திரும்பும் என்பதால் இது அளவுக்கு மீறியும் போகாது. நோயையும் விஷத்தையும் மூலிகை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள், ஊரில் வைத்தியருக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.

கேள்வி: கடவுள் இல்லையென்றால் சபதத்தை மீறும் பாலடினை யார் தண்டிப்பது? சக்தியை யார் பிடுங்குவது?

பதில்: மனிதர்கள்தான். நிஜ வரலாற்றிலும் பெரும்பாலும் அவர்கள்தானே செய்தார்கள்! இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஹார்க்ளே என்ற கார்லைல் பிரபு, ராஜாவைக் கேட்காமல் ஸ்காட்லாந்தோடு சமாதானம் பேசியதற்காக 1323-இல் பிடிபட்டபோது, கொல்வதற்கு முன்னால் அவருடைய நைட் பட்டத்தைப் பறித்தார்கள், குதிரையைத் தட்டும் குதிமுள்ளை வெட்டி எடுத்தார்கள். பர்கண்டியில் 1430-இல் தொடங்கிய தங்கக் கம்பளி அமைப்பில் இன்னும் சுவாரசியமான ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் ஒவ்வொருவராக வெளியே போக வேண்டும், உள்ளே இருப்பவர்கள் அவருடைய குறைகளை அலசுவார்கள், பிறகு கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்வார்கள், தலைவரான பிரபுவுக்கும் விலக்கில்லை. ஒரு சாகசம் முடிந்ததும் இதை அப்படியே மேஜையில் ஆடிப் பாருங்கள், சண்டையைவிட அதிகமாக வேர்க்கும்.

அதோடு சபதம் காப்பாற்றுபவருக்கே ஆபத்தாகவும் இருக்க வேண்டும். பிரான்ஸ் ராஜா இரண்டாம் ஜான் ஆரம்பித்த நட்சத்திர அமைப்பில் சேர்ந்தவர்கள் போர்க்களத்தில் நான்கு அர்பானுக்கு (பழைய பிரெஞ்சு அளவு) மேல் பின்வாங்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 1352-இல் மோரோன் சண்டையில் அந்த வாக்குக்காகவே நின்று பலர் செத்தார்கள், அமைப்பு அதற்கப்புறம் நிமிரவில்லை. எதிரியிடமிருந்து விலகாத வரை ‘உறுதி’ கிடைக்கும், விலகினால் அத்தனையும் போய்விடும், பார்த்தவர்கள் முன்னிலையில் ஈடு செய்யும் வரை திரும்பாது என்று வைத்துப் பாருங்கள். கடவுளுடைய கோபத்தைவிட இது பிடிவாதமான விதி, ஏனென்றால் சாட்சிகள் மறக்க மாட்டார்கள். சாட்சியே இல்லாத இடத்தில் மீறினால்? அதை விளையாடுபவரிடமே விடுங்கள், நல்ல கதை அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? சாதாரணப் போர்வீரனான ஃபைட்டரை எடுத்துக்கொண்டு சபதம் சொன்னால் போதாதா?

பதில்: போதும், சில கூட்டங்களில். 1975-இல் கிரேஹாக் என்ற விதி இணைப்புப் புத்தகத்தில் பாலடின் முதலில் வந்ததே ஃபைட்டரின் ஒரு வகையாகத்தான். 1991-இல் வெளியான டார்க் சன் உலகத்தில் கடவுள்கள் இல்லை என்பதால் பாலடினையே எடுத்துவிட்டார்கள். உங்கள் நண்பரிடம் எது பிடித்துப் பாலடின் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூட வருபவர்களைத் தாங்கிப் பிடிக்கும் ஆளாக இருக்க ஆசை என்றால் மேலே சொன்ன மாற்றங்களைச் செய்யுங்கள். பளபள கவசமும் பெரிய வாளும்தான் என்றால் ஃபைட்டரையே கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் ஒரு சனிக்கிழமை மிச்சம்.