புரொஜெக்டரை இணைத்ததும் வட்டம் முட்டையாவது ஏன்?

முள்ளியவளையில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வவுனியாவில் வாங்கிய, பாவித்த வேகொம் இன்டுவோஸ் சிறிய எழுதுபலகையை (தனிப் பேனையால் எழுதுவதைக் கணினித் திரையில் காட்டும் பலகை) உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள மடிக்கணினியில் பயன்படுத்துகிறார். வீட்டில் ஒழுங்காக எழுதும் பேனை, வகுப்பில் புரொஜெக்டரை இணைத்தவுடன் இடம் தவறுகிறது. வட்டம் அகன்ற முட்டையாக விழுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை. பலகையைக் கணினி இயக்க உதவும் மென்பொருளான டிரைவரை லினக்ஸுக்காகத் தேடியே டேட்டா தீர்ந்துவிட்டது, அது எங்கே கிடைக்கும் என்பது அவருடைய கேள்வி.

டிரைவர் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. வேகொம் பலகைகளுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுடனேயே வருவதால், நீங்கள் எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. ஹுயோன், எக்ஸ்பி-பென் போன்ற பலகைகளுக்குச் சிலர் ஓப்பன்டேப்லட்டிரைவர் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவுவார்கள். உங்கள் பலகைக்கு அது தேவையில்லை.

பிழை பலகையில் இல்லை, பலகையின் பரப்பு எந்தத் திரையோடு பொருத்தப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. உங்கள் பலகையில் எழுதக்கூடிய பரப்பு 152 மி.மீ. அகலமும் 95 மி.மீ. உயரமும் கொண்டது. 1366×768 பிக்சல் மடிக்கணினித் திரைக்குப் பக்கத்தில் 1024×768 புரொஜெக்டர் திரை சேர்ந்தால், மொத்தப் பரப்பு 2390×768 ஆகிறது. அந்த முழு நீளமும் உங்கள் 152 மி.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், கை வட்டமாகவே சுற்றினாலும் திரையில் அதன் அகலம் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வட்டத்தின் சமன்பாட்டைக் கற்பிக்கும் ஒருவருக்கு இது சிறிய குறை அல்ல.

பலகையைச் செருகிய பின் அமைப்புகளில் வேகொம் டேப்லட் பகுதியைத் திறந்து, பலகையை ஒரே திரையோடு பொருத்தும் தெரிவை இயக்குங்கள். அங்கேயே உள்ள, அகல உயர விகிதத்தைப் பேணும் தெரிவையும் கட்டாயம் இயக்குங்கள். 4:3 திரைக்கு அகலத்தில் ஏறத்தாழ 25 மி.மீ. பயன்படாமல் போனாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். வகுப்புக்கு இரு திரையிலும் ஒரே படம் தெரியும்படி வைப்பதையே நான் விரும்புவேன், ஏனெனில் அப்போது சுவரைத் திரும்பிப் பாராமல் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடியே எழுதலாம். பேனைக்கு மின்கலம் இல்லை, பலகைக்கு வேண்டிய மின்சாரமும் யூஎஸ்பி வயரிலேயே வருகிறது. ஆகவே மின்தடையில் புரொஜெக்டர் அணைந்தாலும் மடிக்கணினியில் சார்ஜ் உள்ளவரை குறிப்பை எழுதி முடிக்கலாம்.

கோடு தடிக்காதது வேறு காரணத்தால். நீங்கள் எந்த மென்பொருளில் எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. கணக்குச் செய்து காட்ட நான் பரிந்துரைக்கும், கையால் குறிப்பெழுதும் மென்பொருளான ஸோர்னல்++ இல், விருப்பங்களில் அழுத்த உணர்வு இயக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளீட்டுச் சாதனப் பட்டியலில் உங்கள் பலகை மவுஸ் என்று பதிவாகியிருந்தால் அதைப் பேனை என்று மாற்றுங்கள். அதன் பின்னும் கடினமாக அழுத்த வேண்டியிருந்தால், வேகொம் பகுதியிலேயே முனையின் அழுத்த உணர்வை மென்மைப் பக்கம் நகர்த்தலாம்.

பாவித்த பொருள் என்பதால் பேனையின் பிளாஸ்டிக் முனையையும் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து விளிம்பு கூராகியிருந்தால், பலகையின் மேற்பரப்பைக் கீறுமுன் அதை இழுத்து எடுத்துப் புதியதைச் செருகிவிடுங்கள்.